முப்பத்தோரு ஜோடிக் கண்கள்

அன்றைக்கு தேவேந்திரனின் ஆபீசில் முதலில் உடைந்தது ஒரு நாற்காலி. அடுத்தது ஒரு மூக்கு. பிரேமலதா வருத்தப்பட்டது நாற்காலிக்குத்தான். மூக்கு யாரோ ரௌடியுடையது. நாற்காலி ஆபீசில் இருந்ததே மூன்று.

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், டயர் கடை மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். தேவேந்திரன் இருபது வருஷம் போலீசில் இருந்தவர். ஒரு பெரிய மனிதரின் மகனைக் கன்னத்தில் அறைந்ததால் வேலை போயிற்று. இப்போது காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுப்பதுதான் பிழைப்பு. வேனில் மூட்டை மாதிரி ஏறி ஆண்கள் குவைத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த 2001-ஆம் வருஷம் அது, காணாமல் போகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பிரேமலதா அவருடைய உதவியாளர். டைப் அடிப்பாள், ஆள் விசாரிப்பாள், வாயை மட்டும் மூட மாட்டாள். வாரத்தில் மூன்று நாள் திருப்பதிக்குப் பஸ் ஏறிப் போய்க் கம்ப்யூட்டரில் போட்டோ திருத்தக் கற்றுக்கொண்டிருந்தாள்.

காலை ஒன்பது மணிக்கு செங்கம்மா படியேறி வந்தபோதே அவள் கன்னத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. முப்பது வயதிருக்கும். கார்வேட்டிநகரத்துப் பக்கம் ஒரு கிராமம். சீசனில் சித்தூர் ஜூஸ் ஃபேக்டரியில் மாம்பழம் நறுக்குகிற வேலை. ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். இடுப்பில் துணி சுற்றிய சின்னக் கத்தி அப்படியே இருந்தது.

"அண்ணா, எங்க ஊட்டுக்காரரு உசுரோட கீறாரா இல்லியான்னு எனக்குத் தெரியணும்" என்றாள். உட்காரக்கூட இல்லை. "ரெண்டு மாசமா பொட்டு வைக்கச் சொல்லோ கை நடுங்குது. வைக்கலாமா வாணாமான்னு யாராச்சும் சொல்லுங்க."

அவள் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேஜைமேல் வைப்பதற்குள், கதவை உதைத்துக்கொண்டு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவன் செங்கம்மாவின் கூந்தலைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். இன்னொருவன் கையில் சைக்கிள் செயின் இருந்தது.

"போட்டோவ எடு" என்றான் செயின்காரன்.

"யார் போட்டோ? உன்னுதா? மூஞ்சியப் பார்த்தா ஸ்டூடியோவுக்குள்ளயே விட மாட்டாங்களே" என்றாள் பிரேமலதா.

செயின் அவளை நோக்கி வீசப்பட்டது. தேவேந்திரன் குறுக்கே நீட்டிய கையில் அது சுற்றிக்கொண்டு சதையைக் கிழித்தது. அவர் கையை உதறவில்லை. அப்படியே இழுத்தார். செயினோடு ஆளும் வந்தான். முழங்கால் அவன் வயிற்றில் ஏறியது. அவன் விழுந்த நாற்காலி நாலாகப் பிளந்தது. எழுந்திருக்கப் பார்த்தவன் மூக்கில் தேவேந்திரனின் நெற்றி இறங்க, எலும்பு நொறுங்கிய சத்தம் டயர் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

இரண்டாமவன் செங்கம்மாவை விட்டுவிட்டு மேஜை மேலிருந்த போட்டோவுக்குப் பாய்ந்தான். பிரேமலதா டைப்ரைட்டரை இரண்டு கையாலும் தூக்கி அவன் விரல்கள்மேல் போட்டாள். அவன் அலறிக்கொண்டு படியில் உருண்டு ஓடினான்.

"பதினாலு கிலோ சார். தெலுங்கு மிஷினா இருந்தா எழுத்து அதிகம், இன்னும் நல்லா விழுந்திருக்கும்" என்றாள் மூச்சு வாங்க.

தேவேந்திரன் மூக்கு உடைந்தவனின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். "யார் அனுப்பினது?"

"குவைத் பாபு" என்றான் ரத்தத்தைத் துப்பிக்கொண்டே. "எங்கிருக்கான்னு தெரியாது சார். போன்ல சொல்லுவான். போட்டோவ வாங்கி எரிச்சிடச் சொன்னான்."

அவர் அவனை விட்டுவிட்டார். கிழிந்த கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போட்டோவைக் கையில் எடுத்தார். இரண்டு பேரை அனுப்பிப் பிடுங்குகிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவருக்கு ஆசையாக இருந்தது.

*

போட்டோவில் ஒரு ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மொட்டைத் தலை, நீலக் கட்டம் போட்ட சட்டை. பின்னால் குவைத்தின் உயரமான கோபுரங்கள். கண் இரண்டும் நன்றாகத் திறந்திருந்தன.

செங்கம்மா விஷயத்தைச் சொன்னாள். புருஷன் பெயர் துலுக்காணம். அதே ஃபேக்டரியில் லோடு ஏற்றுகிறவன். ஃபேக்டரி கேட்டுக்கு வந்து ஆள் பிடிக்கும் குவைத் பாபு என்கிற ஏஜெண்டு டிரைவர் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னான். ஜூன் மாசம் ஆறாம் தேதி துலுக்காணம் திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, இறங்கின கையோடு பாபுவைப் பார்க்கப் போனான். அதோடு சரி.

"எங்க ஊர்ல ரெண்டு பேரு இப்டித்தான் போய்ட்டு தகவலே இல்ல. அதனால நான் பாபு கைல கண்டிசனா சொல்லிட்டேன். இந்த மொட்ட தலையோட, நான் வாங்கிக் குடுத்த இந்தச் சட்டையோட, அங்க போய்ச் சேந்ததுக்கு ஒரு போட்டோ வரணும். பதினஞ்சு நாள்ல வரலன்னா கலெக்டராபீசுல அர்ஜி குடுப்பேன்னு எல்லார் எதிர்லயும் சொன்னேன்."

"போட்டோதான் வந்துட்டுதே?" என்றார் தேவேந்திரன்.

"வந்துச்சு. குவைத்லர்ந்து வந்த ஆளு கைல குடுத்தனுப்பினாருன்னான். எல்லாரும் நல்லா கீறாருன்னு சொல்லிட்டாங்க. எனக்குத்தான் மனசு ஒப்பல. நேத்து பாபுவ ஃபேக்டரி கேட்டுல புடிச்சி, இது அவரு கண்ணு இல்லன்னேன். அதுக்குத்தான் இந்த அடி."

"கண்ணு இல்லன்னா?"

அவள் பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஓட்டர் கார்டில் துலுக்காணம் கண்ணை மூடியிருந்தான். ரேஷன் கார்டில் குடும்பமே முழித்துக்கொண்டிருக்க அவன் மட்டும் மூடியிருந்தான். கல்யாணப் போட்டோவில் தாலியைக் கையில் வைத்துக்கொண்டும் மூடியிருந்தான்.

"தூங்கிக்கினே கல்யாணம் பண்ணிகினாரா?" என்றாள் பிரேமலதா.

"ஃப்ளாஷ் அடிச்சா பயம். தானா மூடிக்கும். பாஸ்போர்ட்டுக்கு ஒம்போது தபா புடிச்சாங்க." செங்கம்மா சிரிக்கப் பார்த்து முடியாமல் நிறுத்தினாள். "அப்பால இந்தச் சட்ட. மேல் பொத்தான் போட்டா மூச்சு முட்டுதும்பாரு. கல்யாணத்துக்கே போடல. இதுல கழுத்து வரைக்கும் போட்டுகினு கீறாரு."

தேவேந்திரன் போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "ப்ரேமா, இங்க வந்து ஜன்னலப் பார்த்து நில்லு. முழி" என்றார்.

"முழிச்சுக்கினுதான் சார் இருக்கேன். சம்பளம் வாங்கற நாள்லர்ந்து."

"உன் ரெண்டு கண்ணுலயும் ஜன்னல் வெளிச்சம் புள்ளியாத் தெரியுது. ரெண்டுலயும் ஒரே பக்கம், ஜன்னல் இருக்கிற பக்கம்." அவர் போட்டோவை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "இந்த ஆளப் பாரு. வலக் கண்ணுலயும் புள்ளி மூக்கை ஒட்டி. இடக் கண்ணுலயும் மூக்கை ஒட்டி. அப்ப வெளிச்சம் எங்கேர்ந்து வருது, மூக்குலர்ந்தா?"

செங்கம்மா விழித்தாள்.

"வேற யாரோ ஒருத்தனோட ஒத்தக் கண்ண எடுத்து ஒட்டிட்டு, அதையே திருப்பி இன்னொரு பக்கமும் ஒட்டியிருக்காங்க. கம்ப்யூட்டர் வேலை. கைதேர்ந்தவன் ரெண்டு கண்ணையும் தனித்தனியா எடுப்பான். இது இப்பத்தான் கத்துக்கிற கை. வேலை செஞ்சவனக் கண்டுபிடிச்சா பாபுவப் பிடிச்சிடலாம். இல்ல ப்ரேமா?"

பிரேமலதா பதில் சொல்லவில்லை. தேவேந்திரன் அவளைத் திரும்பிப் பார்த்தார். மூன்று வருஷத்தில் அவர் கேட்ட கேள்விக்கு அவளிடமிருந்து பதில் வராதது அதுதான் முதல் தடவை.

*

திருப்பதி பஸ்ஸின் முன்பக்கம் லேடீஸ் சீட்டில் செங்கம்மாவுக்கு இடம் கிடைத்தது. பாகாலா தாண்டியதும் பிரேமலதா குரலைத் தாழ்த்திக்கொண்டு தேவேந்திரனிடம் சொன்னாள்.

"சார், அந்தக் கை என்னுதா இருக்கலாம்."

"நீ வாய மூடினப்பவே தெரிஞ்சுது. சொல்லு."

மலைக்கு வருகிற குடும்பங்கள் கீழே இறங்கியதும் மத்தியான வெயிலில் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும். பத்துப் பேரில் மூன்று பேர் கண்ணை மூடியிருப்பார்கள். அவளோடு படிக்கிறவர்கள் எல்லாருக்கும் வீட்டில் அப்படி ஒரு போட்டோ இருந்தது. வகுப்பில் கண் திறக்கத் தெரிந்தது அவளுக்கு மட்டும். பழகின மாதிரியும் ஆயிற்று, ஆளுக்கொரு பொட்டலம் பஜ்ஜியும் ஆயிற்று என்று எல்லாருக்கும் செய்து கொடுத்தாள்.

"பயிற்சி சிடியில ஒரு ஆளோட படம் இருக்கு சார். அவனோட இடது கண்ணுதான் எனக்கு சுளுவா வெட்ட வரும். வலது கண்ணுல முடி விழுந்திருக்கும். அதனால இடதையே திருப்பிப் போட்டுடுவேன். மாஸ்டர் எத்தனையோ தரம் திட்டினாரு. முப்பத்தோரு பேருக்குப் போட்டிருக்கேன். பாதித் திருப்பதி அந்த ஒத்தக் கண்ணாலதான் பார்த்துக்கினு இருக்குது."

"துலுக்காணம் மூஞ்சி ஞாபகம் வரலியா?"

"மூஞ்சியவே பார்க்க மாட்டேன் சார். நானூறு பர்சென்ட் பெருசு பண்ணி வச்சுப்பேன். திரை பூரா ஒரு இமைதான் இருக்கும். மூக்குகூடத் தெரியாது."

தேவேந்திரன் கையில் சுற்றிய துண்டை இறுக்கிக் கட்டினார். ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

சந்திரகிரியில் பஸ் நின்றபோது செங்கம்மா பின்னால் எழுந்து வந்தாள். முகத்தில் காலையில் இல்லாத ஒரு தெளிவு.

"எம்மா, நான் யோசிச்சுகினே வந்தேன். கண்ண மட்டும்தானே மாத்திகீறாங்க? அப்ப மத்ததெல்லாம் அவருதானே? உக்காந்துகினு தானே கீறாரு? அப்ப எங்கியோ உசுரோட வச்சுகீறாங்க, இல்ல?"

பிரேமலதா தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, தெரியாது என்றா என்று அவளுக்கே தெரியவில்லை.

*

சுதர்சனா கம்ப்யூட்டர்ஸ் திருப்பதியில் ஒரு கோயில் சந்நிதித் தெருவின் கடைசியில் இருந்தது. ஏழு கம்ப்யூட்டர், பதினாலு ஸ்டூல். நடத்துகிற வெங்கடராகவன் கோயில் கைங்கரியக் குடும்பம். நெற்றியில் திருமண், கையில் மவுஸ். மத்தியான வகுப்புக்கு இன்னும் அரை மணி இருந்ததால் ஹாலில் அவர் மட்டும் இருந்தார்.

"பிரேமலதாவோட ஃபைல்களா? தாராளமா பாருங்கோ" என்றார். "ஆனா ஒண்ணு சொல்றேன். இந்தப் பொண்ணு ஒரு படத்தையாவது ஒழுங்கா ஒட்டி மூடி வச்சதில்லை. லேயரெல்லாம் அப்படியே கிடக்கும். டிஸ்க் பூரா ரொம்பிப் போச்சு. இதென்ன கம்ப்யூட்டரா, சத்திரமா?"

"லேயர்னா இன்னா சாமி?" என்றார் தேவேந்திரன்.

"படத்துமேல கண்ணாடித் தாளை வச்சு அதுல வரையறாப்பல. மேல் தாளை எடுத்துட்டா அடியில பழைய படம் அப்படியே இருக்கும். முடிச்சப்புறம் எல்லாத்தையும் ஒண்ணா ஒட்டிடணும். இவ ஒட்ட மாட்டா."

"நல்லதாப் போச்சு" என்றார் தேவேந்திரன்.

பிரேமலதா ஆறாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தன் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். யாருடைய பெரியம்மாவோ, யாருடைய மச்சானோ, மொட்டை போட்ட குழந்தையோ. எல்லார் முகத்திலும் அந்த ஒரே இடது கண். அவளுக்கே இப்போது அது பயமாக இருந்தது.

பத்தொன்பதாவது படம் திறந்தது. மொட்டைத் தலை. நீலக் கட்டச் சட்டை. பின்னால் குவைத் இல்லை. காரை பெயர்ந்த ஒரு சுவர். கோபுரங்கள் அப்புறம் யாரோ ஒட்டியது.

செங்கம்மா மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "அவருதான்."

"யார் கொண்டுவந்தது ப்ரேமா?"

"இருங்க சார்..." திரையின் ஓரத்தில் லேயர்களின் பட்டியல் இருந்தது. ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் ஒரு குட்டிக் கண் படம். அந்தக் கண்ணை அழுத்தினால் லேயர் மறைந்துவிடும். அவள் மேல் லேயரின் கண்ணை அழுத்தினாள். துலுக்காணத்தின் கண்கள் மூடிக்கொண்டன. இடது இமையின் ஓரத்தில் கறுப்பாக ஒரு சின்னப் புள்ளி.

"ஆங், இந்தத் தூசி! ஞாபகம் வந்துட்டுது. கிரண்குமார் சார். என் பக்கத்து ஸ்டூல்தான். எங்க மாமா ஃப்ளாஷுக்குக் கண்ண மூடிட்டாருன்னு கொண்டாந்தான். ஸ்கேனர் கண்ணாடியத் துடைக்காம படம் எடுத்திருக்கியேன்னு இந்தத் தூசிக்குத்தான் அவனத் திட்டினேன். பூனை மாதிரி இருப்பான் சார், தெலுங்குல மரியாதையா மேடம் காரு, மேடம் காருன்னு. விசா காகிதத்துல பேர் மாத்தறது எப்படின்னு ஒரு நாள் மாஸ்டரக் கேட்டு வாங்கிக் கட்டிக்கினான்..."

சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது. தேவேந்திரன் திரையை உற்றுப் பார்த்தார்.

"அந்தத் தூசியப் பெருசு பண்ணு."

நானூறு. எண்ணூறு. ஆயிரத்து அறுநூறு. தூசிக்கு இடுப்பு இருந்தது. அப்புறம் கால்கள் தெரிந்தன. ஒரு பக்கத்துக்கு மூன்று.

தேவேந்திரன் சட்டென்று திரைக்கும் செங்கம்மாவுக்கும் நடுவில் வந்து நின்றார். ஆனால் மாம்பழ ஃபேக்டரியில் பத்து வருஷம் வேலை செய்தவளுக்கு அதைப் பார்க்க ஒரு நொடி போதும்.

"எறும்பு" என்றாள் செங்கம்மா.

அவள் தேவேந்திரனை விலக்கிக்கொண்டு திரையருகே வந்தாள்.

"எறும்பு கண்ணுல ஏறினா தட்டி உட மாட்டாரா?" என்று கேட்டாள். முதலில் தேவேந்திரனைக் கேட்டாள், பிறகு பிரேமலதாவைக் கேட்டாள். அவர்கள் முகத்தில் இருந்ததைப் படித்தபின் மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழவில்லை. பிரேமலதா அழுதாள். செத்த மனிதனின் கண்ணை அவள் பஜ்ஜிக்குத் திறந்துவிட்டிருந்தாள்.

அப்போதுதான் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. யுபிஎஸ் கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. ஆறாம் நம்பர் திரையில் மட்டும் வெளிச்சம் இருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம். "மேடம் காரு, அப்புடே, அதுக்குள்ள வந்துட்டீங்களா? இன்னைக்கு மிர்ச்சி பஜ்ஜி, சூடா..."

செங்கம்மா தலையைத் தூக்கினாள்.

"பாபு" என்றாள்.

*

கிரண்குமார் என்கிற குவைத் பாபு செங்கம்மாவைப் பார்த்தான், தேவேந்திரனைப் பார்த்தான், திரையில் கண்ணை மூடியிருந்த முகத்தைப் பார்த்தான். பஜ்ஜிப் பொட்டலம் தரையில் விழுந்தது. அவனுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சுவரோரமாக இருந்த இரும்பு ஸ்டெபிலைசரை ஒயரோடு பிய்த்துத் தூக்கினான். தேவேந்திரன் பாய்ந்தார். முதல் வீச்சு அவர் தோளில் இறங்கியது, எலும்பு முறிந்தது. இரண்டாவது அவர் வாயில். இரண்டு பற்கள் தெறிக்க அவர் சுவரோரம் சரிந்தார். வெங்கடராகவன் "கோவிந்தா!" என்று கத்திக்கொண்டு ஓடி, கதவைச் சாத்தி அதன்மேலேயே முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டார். அவர் வெளியே ஓடாமல் உள்ளேயே நின்றதற்காக அவரை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

"படம் இருந்தாத்தானேடா!" என்று கிரண்குமார் ஸ்டெபிலைசரைத் தலைக்குமேல் தூக்கித் திரையில் வீசினான். கண்ணாடிக் குழாய் வெடித்துச் சிதறியது. ஒரு துண்டு பிரேமலதாவின் புருவத்தைக் கீறியது. துலுக்காணத்தின் முகம் போய்விட்டது. கிரண்குமார் வெறியோடு மானிட்டரைக் கீழே தள்ளி மிதித்தான், உள்ளே இருந்த தகட்டையெல்லாம் பிய்த்தான்.

வாய் நிறைய ரத்தத்தோடு தேவேந்திரன் சிரித்தார்.

"எதுக்குடா சிரிக்கிற?"

"அவரு ஏன் சிரிக்கிறாருன்னு நான் சொல்றேன்" என்றாள் பிரேமலதா. அவளால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "படம் அந்த டிவிப் பொட்டியில இல்ல. மேஜைக்குக் கீழ இருக்கிற பொட்டியில இருக்கு. முதல் நாள் பாடம். அன்னைக்கு நீ லேட்டு."

கிரண்குமார் மேஜைக்குக் கீழே பார்த்தான். சின்ன மஞ்சள் விளக்கு எரிந்தபடி சிபியு பத்திரமாக இருந்தது. அவன் அதை நோக்கிக் குனிய, அவள் குறுக்கே விழுந்தாள். மேஜையிலிருந்த மவுஸின் ஒயர் அவள் கழுத்தைச் சுற்றியது.

அவன் இழுத்தான். மிகப் பழகிய இழுப்பு. முழங்கால் முதுகில், இரண்டு கையும் பின்னால். துலுக்காணத்தின் மேல் பொத்தானுக்கு அடியில் என்ன இருந்தது என்று அவளுக்கு அந்த நொடியில் புரிந்தது. கண் முன்னால் எல்லாம் சாம்பலாயிற்று. யுபிஎஸ் கத்துவது எங்கோ தூரத்தில் கேட்டது.

திடீரென்று பிடி தளர்ந்தது. அலறல் அவளுடையது இல்லை.

செங்கம்மா பிடித்து இழுத்த கிரண்குமாரின் வலது கை மேஜைமேல் விரிந்திருந்தது. மாம்பழம் நறுக்குகிற கத்தி அதன் நடுவில் இறங்கிப் பலகைக்குள் நின்றது. செங்கம்மா பிடியை விடவில்லை. இன்னொரு கையால் அவன் தலைமுடியைப் பிடித்து முகத்தை மேஜையில் இடித்தாள். ஒருமுறை, இரண்டுமுறை, உதடு கிழிகிற வரைக்கும்.

"எங்க வச்சிருக்க அவர?"

"அம்மா, கைய..."

கத்தியைத் திருகினாள். "எங்கடா?"

"செங்கம்மா, கொன்னுடாத. அவன் வாய் நமக்கு வேணும்" என்று தேவேந்திரன் சுவரிலிருந்தே கத்தினார்.

அந்த வாயும் சொன்னது. மலையிலிருந்து இறங்கி வந்த துலுக்காணம், தன் விசாவில் இருந்த அதே நம்பரை இன்னொருவன் காகிதத்திலும் பார்த்துவிட்டான். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டான், போலீசுக்குப் போவேன் என்றான். பாபுவின் கையில் கிடைத்தது கேமரா வார். முடித்த பிறகுதான் பெண்டாட்டி போட்ட கண்டிஷன் ஞாபகம் வந்தது. பாஸ்போர்ட் போட்டோவில் தலைமுடி இருக்கிறது, மீசை இருக்கிறது. கம்ப்யூட்டரில் மொட்டை போட இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. எதிரே மொட்டைத் தலையோடு, அதே சட்டையோடு ஆள் தயாராக இருந்தான். வார் அறுத்த தடம் தெரியாமல் மேல் பொத்தானைப் போட்டு, நாற்காலியில் சாய்த்துப் படம் எடுத்துக்கொண்டான். கண்ணைத் திறக்கத்தான் ஆள் தேவைப்பட்டது.

"அவர எங்கடா?" செங்கம்மாவுக்கு மற்றது எதுவும் வேண்டாம்.

"ஃபேக்டரி பின்னால... மாங்கொட்டைக் குவியல்ல."

கத்தி திருகுவது நின்றது. ஜூன் முழுக்க, ஜூலையிலும், தினமும் இரண்டு தடவை அவள் அந்தக் குவியலைத் தாண்டித்தான் வேலைக்குப் போனாள். அழுகின மாம்பழ நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள். அவள் கத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டு, அந்தக் கையாலேயே தன் மூக்கைத் தொட்டாள். அதன்பிறகுதான் வாய்விட்டு அழுதாள். தெரு முழுக்கக் கேட்டது.

*

நாலு நாள் கழித்து வெங்கடராகவன் சிபியுவுக்கு வேறு மானிட்டர் மாட்டிக் கொடுத்தார். போலீஸ் தனக்கு வேண்டிய பிரதியை எடுத்துக்கொண்டு போயிருந்தது. தேவேந்திரன் தோளில் மாவுக்கட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்; பல் போன இடத்தில் காற்று போய்க்கொண்டிருந்தது.

குவியலிலிருந்து எடுத்ததை செங்கம்மாவுக்கு யாரும் காட்டவில்லை. சட்டையை மட்டும் காட்டினார்கள். காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும் என்று அவள் வந்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

பிரேமலதா கழுத்தில் இன்னும் கறுத்த தடம். நாலு நாளாக அவள் ஒரு கிண்டலும் பேசவில்லை.

"அக்கா, இந்தக் கண்ண ஒட்டினது நான்தான்" என்றாள். "இப்ப ரெண்டு கண்ணயும் சரியா எடுத்து, நல்ல கண்ணா போட்டுத் தர்றேன். உங்களப் பார்க்கிற மாதிரி."

"கொயந்த, நீ தெரியாம செஞ்ச. அத்த உடு" என்றாள் செங்கம்மா. "எனக்குக் கண்ணு வாணாம்."

"வேணாமா?"

"எந்தப் போட்டோல தொறந்தாரு? மூடினாப்பலியே இருக்கட்டும்."

பிரேமலதா பட்டியலில் இருந்த குட்டிக் கண்ணை அழுத்தினாள். துலுக்காணம் கண்ணை மூடிக்கொண்டான். அவள் படத்தை ஆயிரத்து அறுநூறு பர்சென்ட் ஆக்கி, இமையோரத்தில் இருந்த எறும்பை மட்டும் எடுத்தாள். அவசரப்படவில்லை. ஆறு காலையும் ஒவ்வொன்றாக, பக்கத்துத் தோலை எடுத்து மூடி மூடி அழித்தாள். கழுத்துப் பொத்தானுக்கு மேலாகப் படத்தை வெட்டினாள். பிறகு, அந்த வகுப்பில் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக, லேயர்களை எல்லாம் ஒன்றாக ஒட்டி மூடினாள். வெங்கடராகவன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரிண்டர் காகிதத்தை மெல்ல வெளியே தள்ளியது. செங்கம்மா அதை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். நெடுநேரம் பார்த்தாள்.

"ஆங்" என்றாள். "இப்பத்தான் அவரு மாதிரியே கீறாரு."